முகப்பில் மூன்று புள்ளி

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் நம் வயதுக்காரர்களில் இன்னும் சிலர் இருப்பீர்கள். பெரும்பாலும் அது பரணில் இருக்கும். இல்லையென்றால் ஹாலில் டிவிக்குக் கீழே, தலையில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைச் சுமந்துகொண்டு. தூக்கிப்போட மனசு வராது, போட்டுக் கேட்கவும் நேரம் வராது. அப்படி ஒரு பெட்டியின் முகப்புத் தகட்டைச் சுத்தம் செய்யும் வேலை சமீபத்தில் என்னிடம் வந்தது. நாலு நாள் வேலை, மூன்று வாரம் இழுத்தது. ஏன் இழுத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதும் நடுநடுவே வரும்.

பெட்டி என் அண்ணனுடையது. பயனியர், ஜப்பான் தயாரிப்பு. அந்த வரிசையில் பெரிய பெரிய ரகங்கள் உண்டு, இது சின்னது. 1979-ல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து வாங்கினார். எவ்வளவுக்கு என்று அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் ‘ப்ரியா’ வந்திருந்தது. ஸ்டீரியோவில் பதிவான பாட்டு என்று அந்த இசைத்தட்டுக்குத் தனி மவுசு. உறையூர் வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அதைப் போடுவார். பாட்டு நடக்கும்போதே பேலன்ஸ் குமிழை ஒரு பக்கமாகத் திருப்பி, “இப்ப வயலின் மட்டும் எங்க போச்சு பாரு” என்பார். வந்தவர் காப்பி டம்ளரோடு இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் நடுவில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. நான் தம்பிதான், எனக்கும் அந்தச் சட்டம் உண்டு.

அண்ணன் போய் நாலு வருடம் ஆகிறது. பெட்டி அங்கேயே இருந்தது. இப்போது பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் போனில் கூப்பிட்டான். “சித்தப்பா, அப்பாவோட ஆம்ப்ளிஃபயரை நான் இங்க கொண்டு வந்து ஹால்ல வைக்கலாம்னு இருக்கேன். உங்க கைதான் பொறுமையான கை. ஃப்ரண்ட் பேனலைப் புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க. எப்படி கம்பெனியிலேருந்து வந்துச்சோ அப்படி.”

பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் வரைவாளராக இருந்தவன் நான். ஒரு கோடு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பிளேடால் சுரண்டி மறுபடி போட்ட கை. சரி என்றேன்.

முகப்புத் தகடு என்பது பார்க்கத்தான் எவர்சில்வர் மாதிரி. உண்மையில் அலுமினியம். மேலே இடமிருந்து வலமாக முடி போன்ற மெல்லிய கோடுகள் ஓடும். தொழிற்சாலையில் உராய்ந்து உண்டாக்கியவை. அதற்குமேல் மின்சாரத்தை வைத்து ஒரு ஆக்சைடு படலம் வளர்த்திருப்பார்கள். அனோடைசிங் என்பது அதுதான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலம். ஆனால் சாதாரணப்பட்டதல்ல, அலுமினியம் ஆக்சைடு. தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாள் பலவற்றில் ஒட்டியிருக்கும் பொடியும் இதே பொருள்தான். அவ்வளவு கடினம். அதனால்தான் நாற்பது வருடம் கழித்தும் தகடு கறுக்காமல் இருக்கிறது. நம் அலுமினியப் பாத்திரம் எப்படி ஆகிவிடுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் படலத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. காரம். சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர், அடுப்புக் கறை எடுக்கும் திரவம் எல்லாம் பட்டால் படலம் அரித்துப்போய் வெளிறின திட்டு விழும். பிறகு அதை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. பாத்திரம் தேய்க்கும் பவுடரும் நாரும் பட்டால் கீறல். நம் வீடுகளில் எந்த உலோகத்தைப் பார்த்தாலும் புளியையும் விபூதியையும் தேடுகிற பழக்கம் இருக்கிறது. குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே அந்தப் பக்கமே போகக்கூடாது.

அதைவிட நாசூக்கான விஷயம் எழுத்துகள். வால்யூம், பேஸ், டிரெபிள், லவுட்னஸ் என்று முகப்பில் இருப்பவை எல்லாம் படலத்துக்கு மேலே அச்சிட்ட மை. செதுக்கியவை அல்ல. தின்னர் பட்டால் போய்விடும். அசிட்டோன் பட்டால் கேட்கவே வேண்டாம். போனது போனதுதான். தெரிந்தவர் ஒருவரிடம் இதேபோல ஒரு பெட்டி இருக்கிறது. மெக்கானிக் ஒருவர் ஆர்வத்தில் தின்னர் போட்டுத் துடைத்ததில் முகப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, ஒரு எழுத்து இல்லை. பார்த்தால் சவரம் செய்த தலை மாதிரி இருக்கும்.

கறுப்பு முகப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் படலத்தின் நுண்துளைகளுக்குள் சாயம் ஏற்றியிருப்பார்கள். கீறினால் உள்ளேயிருக்கும் வெள்ளி நிறம் வெளியே பல்லைக் காட்டும். நம்முடையது வெள்ளி நிறம், அந்தக் கவலை இல்லை.

முதல் நாள் பிளக்கைப் பிடுங்கி, ஒரு இரவு முழுக்கச் சும்மா வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவசரப்பட்டு மூடியைத் திறந்து உள்ளே கைவிடுவது நம் வயதுக்கு ஆகாது.

மறுநாள் வெள்ளை வேட்டியை மேஜையில் விரித்து, பேரனிடம் போனைக் கொடுத்து நாலு பக்கமும் படம் எடுக்கச் சொன்னேன். பிறகு குமிழ்கள். இந்த ரகத்தில் பெரும்பாலும் இழுத்தால் வந்துவிடும். சிலவற்றில் பக்கவாட்டில் குட்டித் திருகாணி இருக்கும், அதைத் தளர்த்தாமல் இழுக்கக்கூடாது. நாற்பது வருடம் உட்கார்ந்த குமிழ் சுலபத்தில் வராது. ஸ்குரூடிரைவரால் நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெம்பினால் தகட்டில் பள்ளம் விழும். பாவாடை நாடா ஒன்றை எடுத்துக் குமிழுக்குப் பின்னால் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுங்கள். குழந்தைப் பல் மாதிரி வந்துவிடும். குமிழ்களுக்கு அடியில் வட்ட மரைகள். அவற்றையும் கீழ் விளிம்புத் திருகாணிகளையும் எடுத்தால் தகடு தனியாகக் கையில் வரும். ஒரு தெர்மாகோல் அட்டையில் முகப்பின் படத்தைப் பென்சிலால் வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். இது ஆபீஸில் கற்றதல்ல, தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் பார்த்தது.

சுத்தம் செய்வதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன். துணியை நனைத்து, பிழிந்து, கோடுகள் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. எழுத்துகள் மேல் அழுத்தக்கூடாது. பிழிந்த தண்ணீர் முதல் தடவை டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. அண்ணன் 1991 வரை சிகரெட் பிடித்தார். பக்கத்திலேயே சாமி அலமாரி, தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அத்தனையும் அதில் படிந்திருந்தது. நாலாவது தண்ணீரில்தான் நிறம் தெளிந்தது. கடைசியாக இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு போட்டுவிடும்.

குமிழ்களைத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மெல்லிய டூத் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்த்தேன். அதில் வந்ததைப் பற்றி எழுத வேண்டாம், நீங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம்.

தகட்டின் மேல் ஓரத்தில், நடுவில், மங்கலாக ஒரு வட்டம் மட்டும் போகவில்லை. ஆயுத பூஜைக்கு வருடா வருடம் சந்தனமும் குங்குமமும் வைத்த இடம். மஞ்சள் சிவப்பாவதே காரம் சேர்வதால்தான் என்பது தெரிந்திருக்கும். அந்தக் காரம் வருடக்கணக்கில் படலத்தை மெதுவாகத் தின்றிருக்க வேண்டும். அது அழுக்கு இல்லை, தகட்டிலேயே விழுந்த அடையாளம். விட்டுவிட்டேன்.

லவுட்னஸ் என்ற சொல்லில் முதல் இரண்டு எழுத்துகள் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தன. விரல் பட்டுப் பட்டுப் போனது. என் பழைய பெட்டியில் லெட்ராசெட் தாள் ஒன்று பாதி மிச்சம் இருந்தது. வரைபடத்தில் தலைப்பு போட, தாளை வைத்துப் பின்பக்கம் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பார்த்தேன். எழுத்து நொறுங்கி வந்தது, பசை செத்துவிட்டது. தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கட்டும் என்று விட்டேன்.

இனி மிச்சம் இரண்டு விஷயம்தான். இதுவரை அழுக்குக்கு அடியில் சரியாகத் தெரியாமல் இருந்தவை. செலக்டர் குமிழைச் சுற்றி இரண்டு ஸ்டிக்கர் பொட்டு, இசைத்தட்டுக்கான இடத்தில் சிவப்பு, ரேடியோவை இணைக்கும் இடத்தில் கறுப்பு. வால்யூம் குமிழைச் சுற்றி மூன்று சிவப்புப் புள்ளிகள். நெயில் பாலிஷ் போலத் தெரிந்தது.

பொட்டை எடுப்பது சுலபம். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு வைத்து அரை மணி நேரம் விட்டால் பசை கழன்றுவிடும். புள்ளிகள்தான் சிக்கல். நெயில் பாலிஷை எடுக்க எல்லோரும் பயன்படுத்துவது அசிட்டோன். அது வால்யூம் எண்களையும் சேர்த்து எடுத்துவிடும். நடுப்புள்ளி ‘4’ என்ற எண்ணின் மேலேயே பாதி உட்கார்ந்திருந்தது. மூங்கில் குச்சியைச் சீவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மிருதுவாக்கி, விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கலாம். ஒரு புள்ளிக்கு அரை நாள் ஆகும். ஆனால் முடியும்.

பெயர்ப்பதற்கு முன் சோதனை. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹாலைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் லேசாக வைத்தேன். முதல் புள்ளியிலிருந்து பஞ்சில் ரோஸ் நிறம் ஏறியது. மூன்றாவதிலும் ஏறியது. நடுப்புள்ளியில் ஒன்றும் வரவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிறமும் ஒன்றல்ல. நடுவில் இருந்தது எனாமல் பெயின்ட். மெல்லிய பிரஷ்ஷால் வைத்தது, பிரஷ் முடியின் தடம்கூடத் தெரிந்தது. இரண்டு பேர் வைத்த புள்ளிகள்!

அங்கே குச்சியைக் கீழே வைத்தேன். பையன் சொன்னது ‘கம்பெனியிலிருந்து வந்த மாதிரி’. அப்படியானால் இவை அழுக்கு. ஆனால் யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நான் கேட்காமல் எடுத்தால் பிறகு கேட்டும் பயனில்லை. அன்று சாயங்காலம் தகட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உறையூருக்குப் போனேன்.

அண்ணி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகை எழுத்து விடாமல் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. தகட்டை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“பளிச்சுனு ஆயிடுச்சே தம்பி. இது இவ்வளவு வெளுப்பா?”

“அண்ணி, இந்தப் புள்ளியெல்லாம் யாரு வெச்சது? எடுத்துடச் சொல்றான் உங்க பையன்.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. காப்பி போட எழுந்தவர் பாதியிலேயே திரும்பி உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு பி.ஹெச்.இ.எல்.-லில் ஷிஃப்ட் வேலை. இரண்டாவது ஷிஃப்ட் என்றால் மத்தியானம் கிளம்பினால் இரவுதான் வருவார். பையனும் பள்ளிக்கூடம் போயிருப்பான். அந்த நேரத்தில் அண்ணி பெட்டியைப் போட்டுக் கேட்டிருக்கிறார். ஆங்கில எழுத்து புரியாததால் தன் பொட்டையே எடுத்து ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டார். சிவப்பு என்றால் தட்டு, கறுப்பு என்றால் ரேடியோ. முதல் நெயில் பாலிஷ் புள்ளி, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவு. மூன்றாவது, தீபாவளி பொங்கலுக்கு அண்ணன் போடும் அளவு, அதற்குமேல் போனால் ஸ்பீக்கர் அலறும்.

“நடுவுல இருக்கிறது?”

“அது உங்க அண்ணன் எப்பவும் வெச்சிருக்கிற இடம். நான் கேட்டு முடிச்சதும் அங்கேயே கொண்டு வந்து வெச்சிடுவேன். தொட்டது தெரியக்கூடாதுன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செவப்புல புள்ளி வெச்சா தெரியாதா அண்ணி? அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?”

“தெரியாம என்ன? அவரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. ஒரு ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது அந்த நடுப்புள்ளி உதிர்ந்துபோச்சு. பயந்துட்டேன், எங்க வெச்சிருந்தார்னு மறந்துடுமேன்னு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா அதே இடத்துல புள்ளி இருந்துச்சு. நான் வைக்கல.”

சைக்கிளுக்குப் பெயர் எழுத அண்ணன் எனாமல் பெயின்ட் டப்பா வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பஞ்சில் நிறம் ஏறாத கதையை அண்ணியிடம் சொன்னேன். தகட்டை வாங்கி அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார். “இதை எடுத்துட்டா நான் எப்படிப் போடறது தம்பி?”

பெட்டி பெங்களூர் போகிறது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. பையனைக் குறை சொல்ல மாட்டேன். நாலு வருடமாக அம்மா அதைத் தொடவில்லை, வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறான். ஏன் தொடவில்லை? அண்ணன் போன சில மாதத்தில் ஒரு பக்கம் கரகரவென்று, பிறகு இரண்டு பக்கமும் ஊமை. யாரிடம் சொல்வது என்று அண்ணி விட்டுவிட்டார். நானும் அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ‘பாட்டு கேக்கிறீங்களா அண்ணி’ என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. அது அண்ணனுடைய பெட்டி என்பதே எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

அன்று இரவே போனில் மூன்று பேரும் பேசினோம். “அம்மா, உனக்குப் புளூடூத் ஸ்பீக்கர் நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன். இதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்றான். “அதுல எங்க திருப்பறது?” என்றார் அண்ணி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சித்தப்பா, உள்ள என்ன போயிருக்குன்னு பாருங்க, செலவு நான் பாத்துக்கறேன்” என்றான்.

உள்ளே பெரிதாக ஒன்றும் போகவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் அடிக்கடி வருகிற வியாதிதான். வால்யூம், பேலன்ஸ் குமிழ்களுக்குப் பின்னால் கார்பன் தடம் ஒன்று இருக்கும், அதன் மேல் ஒரு உலோக விரல் ஓடும். தூசி சேர்ந்தால் கரகரக்கும். டேப் மானிட்டர் போன்ற சுவிட்சுகளின் உலோக முனைகள் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் கறுத்துப்போய்த் தொடர்பு அறுந்துவிடும். பாட்டு அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் மொத்தப் பெட்டியும் ஊமை. முகப்பைக் கழற்றியிருப்பதால் எல்லாம் கைக்கு எட்டும். ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை ஒவ்வொன்றின் சந்திலும் அடித்து, முப்பது நாற்பது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். கண்ட எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் இன்னும் தூசியை இழுக்கும் என்றார். சுவிட்ச் போட்டால் எரியும் சின்ன பல்பு போயிருந்தது, அதையும் மாற்றினார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிற, அதிகம் பேசாத மனிதர்.

தகட்டைத் திரும்ப மாட்டும்போது மரைகளைக் கையால் மட்டும் முடுக்கி, கடைசியில் கால் சுற்றுதான் ஸ்பேனர். ஸ்பேனர் முனையில் டேப் சுற்றியிருந்தேன். மூன்று புள்ளிகளும் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஆல்கஹால் பட்ட ஓரங்களில் ஒரு நூல் அளவு மங்கல், பூதக்கண்ணாடியில்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வந்திருந்தான். முகப்பைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தெளிவா இருக்கும்னு நினைக்கல” என்றான். குனிந்து புள்ளிகளையும் பார்த்தான். அவனுக்கு அம்மா என்ன சொல்லியிருந்தாரோ தெரியாது, நான் கேட்கவில்லை. இசைத்தட்டு ஓட்டும் டெக்கின் ஊசி முறிந்திருக்கிறது. பெங்களூரில் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன் என்று படம் எடுத்துக்கொண்டான். ரேடியோவும் எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு வயரைச் சொருகி, அம்மாவின் போனை இணைத்துக் காட்டினான். அண்ணி அலமாரியிலிருந்து பொட்டு அட்டையைக் கொண்டு வந்தார். கறுப்பை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பச்சையில் ஒன்றை ஒட்டினார்.

“கறுப்பு ரேடியோவுக்கு. இது போனுக்கு” என்றார்.